அசல் நிலுவை

பள்ளத்தூர் வீட்டைப் பிரித்தபோது
லாரியில் கடைசியாக ஏறியது அந்தத் தகரப்பெட்டி.
உள்ளே பன்னிரண்டு இசைத்தட்டு.
பதினொன்று உடைசல்.
மேலே ஒரு சீட்டு, பெட்டியடிப் பையனின் கோழிக்கால் எழுத்தில்:
மோல்மேன் கடை. பிரமோதூத வருஷம் ஆவணி.
ரயில்வே ஓடவுட் துரை வகையில்
பாட்டுத்தட்டு 12, பெட்டி 1.
அசல் ரூபாய் இருபத்தைந்து.
அதற்குக் கீழே தாள் வெறுமை.

காரைக்குடியில், முனீஸ்வரன் கோயில் தெருவில்,
எங்கள் கடைக்கு எதையும் மீட்க யாரும் வருவதில்லை.
பீங்கான் ஜாடி, பெல்ஜியம் கண்ணாடி,
ஒரே வீட்டின் பதினாறு கதவில் பதினாலு.
தடவிப் பார்ப்பார்கள். படம் எடுப்பார்கள்.
பாதி விலைக்குக் கேட்பார்கள்.

அவளும் எனாமல் தூக்குக்குத்தான் விலை கேட்டாள்.
நோரீன். கத்தரி வெயிலில் மூக்கு உரிந்திருந்தது.
தட்டின் லேபிளைப் பார்த்தவள்
தூக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

ராக்கப்பன் சாவி கொடுத்தான்.

முதலில் இரைச்சல்,
எண்ணெய்ச் சட்டியில் கடுகு போட்ட மாதிரி.
அப்புறம் ஒரு பெண்குரல்.
சுருதிப்பெட்டி இல்லை. தாளம் இல்லை.
ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் முடியாமல்
இன்னும் இரண்டு வளைவு வளைந்து
யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நின்றது.

என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.
'தெரியாது' என்றாள்.
'எங்கள் பாஷைதான்.
பரீட்சைக்குப் படித்தேன். எழுதிவிட்டு மறந்துவிட்டேன்.'

அவள் ஊரில் இப்படிப் பாடுகிறவர் கையைப்
பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொள்வாராம்.
பாட்டு முடிகிறவரை
மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருப்பாராம்.
ராக்கப்பன் கிராமபோன் பிடியைப் பார்த்தான்.
'நானும் அதைத்தானே செய்கிறேன்?'

தட்டைத் திருப்பினோம்.
அதே பெண். ஆனால் இப்போது பாஷையே இல்லை.
டிடில்டை டிடில்டை என்று நாக்கு மட்டும் ஓடுகிறது.
வாத்தியம் வாங்கக் காசில்லாத வீட்டில்
ஆடுகிறவர்களுக்கு வாயாலேயே வாசிப்பது என்றாள்.
சொல்லி முடிக்கவில்லை,
கதவின் மேல் ஏறிவிட்டாள்.

ஓட்டல்காரர் முன்பணம் கொடுத்த பர்மா தேக்கு.
மெருகுக்காக முதுகு மேலாகப் படுக்கப் போட்டிருந்தது.
செருப்புக் காலோடா, என்றான் ராக்கப்பன்.
நல்லவேளை, கஜலட்சுமி நிலைக்கட்டையில் இருந்தாள்,
அது கொல்லையில் சாய்ந்திருந்தது.

இடுப்புக்கு மேலே அவள்
ரேஷன் கடை வரிசையில் நிற்கிறாள்.
கை தொங்குகிறது. முகத்தில் ஒன்றுமில்லை.
இடுப்புக்குக் கீழே
யாரோ பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள்,
பிடித்துவிட்டார்கள், இறங்கிவிட்டார்கள்,
மறுபடி ஓடுகிறார்கள்.
ஜாடி மூடிகளெல்லாம் கிணுகிணுத்தன.
எதிர்க்கடைப் பித்தளை வியாபாரி
கையில் புளியோடு வந்து நின்றான்.

மூன்று நிமிஷத்தில் தட்டு தீர்ந்தது.
ஊசி வெறுங்கோட்டில் சுற்றியது.
அவள் நிறுத்தவில்லை.
பாட்டை இப்போது கதவு பாடியது.

முதலாளி சாத்தப்பன் வந்தார்.
சீட்டைப் படித்தார், விளையாட்டுக்கு வட்டி போட்டார்.
வந்த தொகையில் அவள் ஊரில் ஒரு மாடு வாங்கலாமாம்.
'ஓடவுட் என்று தெருவுக்கு நாலு பேர் உண்டு,
யாரைப் பிடிப்பீர்கள்?' என்று சிரித்தாள்.
தட்டு பெட்டியில் உடைந்துவிடும், வேண்டாம் என்றாள்.
போனில் பிடித்துக்கொண்டாள் இரண்டு பக்கமும்.
அதில் ராக்கப்பன் இருமல் இருக்கிறது.
ஒரு ஐஸ் வண்டி மணி இருக்கிறது.
எனாமல் தூக்குக்கு மட்டும் காசு கொடுத்தாள்,
பேரம் பேசி.

ராத்திரி கடை சாத்துமுன்
சீட்டின் வெறுமையில் நான் எழுதினேன்:
வட்டி வரவு, மூன்று நிமிஷம்.
அசல் நிலுவை.

கதவில் குதிகால் குழி விழுந்திருந்தது, முப்பதுக்கு மேல்.
உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொன்னார் முதலாளி.
தேய்த்தேன் என்றேன்.
ஓட்டல்காரர் குனிந்து தடவிப் பார்த்தார்.
கறையானா?
'அந்தக் காலத்து வேலைப்பாடு' என்றார் முதலாளி, கூசாமல்,
இரண்டாயிரம் ஏற்றி.

இப்போது அது சென்னையில் சாப்பாட்டு மேசை.
மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்களாம்.